விரல் நீளத்தில் ஒரு சவுண்ட் கார்டு

லேப்டாப்பில் சீக்கிரம் பழுதாகும் பாகங்களில் ஹெட்போன் சாக்கெட்டும் ஒன்று. வருடக்கணக்கில் செருகி உருவியதில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் தளர்ந்துவிடும். பாட்டு ஒரு காதில் மட்டும் கேட்கும். ஒயரைத் திருகிப் பிடித்தால் மறுகாதிலும் வரும், கையை எடுத்தால் போய்விடும். பல மாடல்களில் சாக்கெட்டை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பதால், சர்வீஸ் கடையில் கேட்கும் தொகை மலைக்க வைக்கும். அதற்குச் சம்மதிக்கும் முன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி ஆடியோ அடாப்டரை வாங்கிச் செருகிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

விரல் நீளமே இருந்தாலும் அது முழுமையான சவுண்ட் கார்டு. கணினிக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. சிடி தரம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நொடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக மாற்றி ஹெட்போனுக்குக் கொடுப்பது வழக்கமாக மதர்போர்டில் உள்ள சிப்பின் வேலை. அடாப்டரைச் செருகியதும் அந்த வேலை அதற்குள் இருக்கும் சிப்புக்குப் போகிறது. மைக்கில் பேசும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். யூஎஸ்பி வழியே போவதும் வருவதும் எண்கள் மட்டுமே. அதனால் கெட்டுப்போன சாக்கெட்டும் பழைய சிப்பும் ஒலி போகும் பாதையிலேயே இல்லை.

ஹெட்போனில் சன்னமாகக் கேட்கும் 'கிர்' சத்தம் பல நேரங்களில் அடாப்டர் போட்டதும் குறைவதற்கும் இதுதான் காரணம். டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்க சாக்கெட்டுக்கு வரும் ஒயர், மின்விசிறி, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கடந்து வருகிறது, அவற்றின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் வரும் 'உம்ம்' என்ற உறுமல் வேறு ரகம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால், எர்த் இணைப்பு இரண்டு வழிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். யூஎஸ்பி வழியாகவும் அதே எர்த் தொடர்வதால் அடாப்டர் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. இரண்டு கருவிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

டிரைவர் சிடி தேட வேண்டியதில்லை. யூஎஸ்பி ஒலிக்கருவிகள் கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்ற பொது விதிமுறை 1998லேயே வந்துவிட்டது. சாதாரண அடாப்டர்கள் அதையே பின்பற்றுவதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் செருகியதும் வேலை செய்யும். நீல நிற யூஎஸ்பி 3 துளையில்தான் செருக வேண்டும் என்பதும் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட் போதும். பழைய யூஎஸ்பியே 12 மெகாபிட் தரும்.

செருகியும் சத்தம் வரவில்லை என்றால், கணினி இன்னும் பழைய வழியிலேயே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸில் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பட்டியலில் யூஎஸ்பி என்ற பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மைக்குக்கு சவுண்ட் செட்டிங்ஸில் 'இன்புட்' பகுதிக்குத் தனியாகப் போக வேண்டும். ஜூம் போன்ற செயலிகள் தமக்கென்று தனித் தேர்வு வைத்திருக்கும், அங்கேயும் மாற்றுங்கள். வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக நினைத்து உங்கள் தேர்வை மறந்துவிடலாம். எப்போதும் ஒரே துளையில் செருகுவது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உங்கள் ஹெட்செட்டின் முனை. அதில் இரண்டு வளையக் கோடுகள் இருந்தால் கேட்க மட்டும். மூன்று கோடுகள் இருந்தால் மைக்கும் அதே ஒயரில் வருகிறது. பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் உள்ள அடாப்டரில் மூன்று கோட்டு ஹெட்செட்டைச் செருகினால் பாட்டு பெரும்பாலும் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒற்றைத் துளை அடாப்டராக, ஹெட்செட்டுக்கு உரியது என்று எழுதியதைப் பார்த்து வாங்குங்கள். டைப்-சி முனை கொண்ட சில மலிவு அடாப்டர்களுக்குள் சிப்பே இருக்காது. சில ஃபோன்களுக்கு அவை பொருந்தும், கணினிக்கு உதவாது. எண்களை மின் அலையாக மாற்றும் சிப்பான டிஏசி உள்ளது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் '7.1 சரவுண்ட்' என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஹெட்போன் துளை ஒன்றே ஒன்று இருக்கும்போது அது மென்பொருள் காட்டும் பாவனைதான்.

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சின்ன அடாப்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. மைக் தருவது சில மில்லிவோல்ட்தான், டேப் டெக்கின் பின்பக்க 'லைன் அவுட்' தருவது அதைப்போல் நூறு மடங்குகூட இருக்கும். நேரடியாக இணைத்தால் ஒலி நசுங்கிக் கரகரக்கும். அதோடு பெரும்பாலான அடாப்டர்களின் மைக் துளை மோனோ. இடப்பக்கம் வயலினும் வலப்பக்கம் கிடாரும் பிரிந்து ஒலிக்கும் பாட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், அல்லது ஒரு பக்கம் காணாமலே போகும். தாத்தாவின் குரலோ கோயில் கச்சேரியோ பதிந்த நாடா தேயத் தேய மறுபடி கிடைக்காது. அதற்கு 'லைன் இன்' உள்ள, சிவப்பு வெள்ளைத் துளைகள் கொண்ட யூஎஸ்பி கருவியாகவே வாங்குங்கள்.

பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். நாடாவில் மிக உரத்த இடம் எது என்று தேடி, அங்கே அளவுகாட்டி உச்சியைத் தொடாமல் மைனஸ் 6 டெசிபெல் அருகே நிற்கும்படி ஒலியளவைக் குறையுங்கள். சன்னமாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், உச்சியில் வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. ஒரு நிமிடம் பதிந்து, இரண்டு காதிலும் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்த பிறகு முழுப் பக்கத்தையும் ஓடவிடுங்கள். மூலப் பதிவை வேவ் கோப்பாகவே இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு எம்பி3 அனுப்புங்கள்.