சீட்டுக்கட்டில் வந்த தங்கப் பதக்கம்!

மகன் கையில் செல்போன். செல்போன் திரையில் சீட்டுகள். தாய் எட்டிப் பார்க்கிறாள்.

"அடப்பாவி! சீட்டா ஆடுகிறாய்?" என்று அலறுகிறாள்.

அவள் அலறுவதில் தப்பே இல்லை. செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடி, சம்பளத்தையும் நகையையும் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கடன் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தச் செய்திகளைப் படித்த எந்தத் தாய்தான் பதற மாட்டாள்?

ஆனால் பையன் சொல்கிறான்: "அம்மா, இது காசு ஆட்டம் இல்லை. இதற்குப் பெயர் பிரிட்ஜ். இதற்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்!"

அவன் சொல்வது பொய் அல்ல.

60 வயதில் தங்கம்

2018-ம் ஆண்டு இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பிரிட்ஜ் சீட்டாட்டம் அந்த ஆண்டுதான் முதல் முறையாக அதில் சேர்க்கப்பட்டது. செப்டம்பர் 1-ந் தேதி, ஆண்கள் இரட்டையர் பிரிவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அதே நாளில் குத்துச்சண்டையில் அமித் பங்கால் என்ற இளைஞரும் தங்கம் வாங்கினார். குத்துச்சண்டை வீரருக்கு வயது 22. சீட்டு வீரர்கள் பிரணாப் பர்தனுக்கு 60, சிவநாத் சர்க்காருக்கு 56!

இருவரும் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எடுத்த புள்ளி 384. இரண்டாவது வந்த சீன ஜோடி 378. ஆறே புள்ளிதான் வித்தியாசம்.

அந்தப் போட்டிக்குப் போன இந்திய அணியில் ரீட்டா சோக்சி என்ற பாட்டியும் இருந்தார். வயது 79. இந்தோனேசியாவின் பெரும் கோடீசுவரர்களில் ஒருவரான பம்பாங் ஹார்தோனோ 78 வயதில் வந்து வெண்கலம் வாங்கினார். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் அணிக்கு வெள்ளி கிடைத்தது.

ஓடவேண்டாம், குதிக்கவேண்டாம். உட்கார்ந்த இடத்தில் பதக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலை வலிக்கும் அளவுக்கு யோசிக்க வேண்டும்!

இடையஞ்சாவடியில் இருந்து...

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது இடையஞ்சாவடி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால் மரக்காணம். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். வெயில் காய்ந்தால்தான் அங்கே வேலை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்திகளில் வெள்ளம் நிற்கும். உப்பு வாருவது நின்றுவிடும். கையில் காசு இருக்காது. பொழுது மட்டும் நிறைய இருக்கும்.

வேலை இல்லாத கைக்குச் சீட்டு சுலபமாக வந்து சேரும். முன்பு திண்ணைக்கு வந்தது. இப்போது செல்போனுக்கு வருகிறது. "ஆயிரம் ரூபாய் இலவசம், வா வா" என்று கூப்பிடும் சீட்டு எது, காசு கேட்காத சீட்டு எது என்று தெரிந்துகொள்வது இந்தக் கரையில் உள்ள குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

இடையஞ்சாவடியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞன், செல்போன் மூலம் போலந்துக்காரரோடும் பிரேசில்காரரோடும் ஒரே மேசையில் பிரிட்ஜ் ஆடலாம். 2001-ல் தொடங்கிய "பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்" என்ற இணைய மேடை இதில் புகழ் பெற்றது. பெரும் பணக்காரர்களான பில் கேட்சும் வாரன் பபெட்டும் இணையத்தில் பிரிட்ஜ் ஆடியவர்கள்தான். ஆள் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரே மற்ற மூன்று பேருக்காகவும் ஆடும்.

ஆட்டம் என்ன?

இருபத்தெட்டு ஆடத் தெரிந்தவர்களுக்குப் பிரிட்ஜ் பாதி தெரிந்த மாதிரி. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏசுக்கு 1, பத்துக்கு 1. நான்கு இனத்தையும் கூட்டினால் 28. யாழ்ப்பாணத்தார் ஆடும் முன்னூற்று நாலும் இதற்கு அண்ணன் தம்பிதான். எதிரும் புதிருமாக உட்காரும் கூட்டாளி, ஏலம் போல் கேட்பது, துருப்பு வைப்பது எல்லாம் இவற்றிலும் உண்டு, பிரிட்ஜிலும் உண்டு.

பிரிட்ஜில் 52 சீட்டும் உண்டு. ஆளுக்கு 13. எல்லோரும் ஒரு சீட்டு போட்டால் ஒரு பிடி. ஆக மொத்தம் 13 பிடி. முதல் ஆறு பிடி கணக்கில் வராது. "ஒரு இஸ்பேட்" என்று ஒருவர் கேட்டால், இஸ்பேட்டைத் துருப்பாக வைத்து 7 பிடி எடுக்கிறேன் என்று அர்த்தம். "நாலு ஆட்டின்" என்றால் 10 பிடி. இனங்களில் கிளாவர் தாழ்வு. அதற்கு மேல் டைமன், ஆட்டின், இஸ்பேட். எல்லாவற்றுக்கும் மேலே "துருப்பு இல்லை" என்ற கேள்வி.

கேள்வி முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். கேட்டவருக்கு இடது பக்கத்தில் இருப்பவர் முதல் சீட்டைப் போடுவார். உடனே கேட்டவரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசைமேல் விரித்துவிட வேண்டும். அவருக்கு "டம்மி" என்று பெயர். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கக் கூடாது! இரண்டு கையையும் ஒருவரே ஆடுவார். வீட்டில் கணவனும் மனைவியும் கூட்டாளிகளாக ஆடும்போது இந்த இடம்தான் சிரமம்.

இப்போது ஆடப்படும் பிரிட்ஜுக்குப் புள்ளிக் கணக்கை அமைத்தவர் ஹரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர். 1925-ல் கப்பல் பயணத்தின்போது பொழுது போக்குக்காக அமைத்தார்.

அதிர்ஷ்டம் எங்கே போச்சு?

"நல்ல சீட்டு வந்தால் ஜெயிக்கிறான். இதில் என்ன திறமை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 1967-ம் ஆண்டு ஆந்திர மாநில வழக்கு ஒன்றில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று நீதிபதிகள் கூறினார்கள். சீட்டைக் கலைத்துப் போடும்போது வரும் அதிர்ஷ்டம் ரம்மியிலும் பிரிட்ஜிலும் ஒரே மாதிரிதான் என்றும் சொன்னார்கள். ஆனால் திறமை ஆட்டம் என்பதால் பணத்தைத் தொலைப்பது நின்றுவிடவில்லை. அதனால்தான் தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, அந்தத் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது.

பிரிட்ஜ் போட்டிகளில் அதிர்ஷ்டத்தை விரட்ட வேறு வழி வைத்திருக்கிறார்கள். அது மிகவும் கெட்டிக்காரத்தனமான வழி. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை, கலைக்காமல், நான்கு பை உள்ள தட்டில் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு வந்த மட்டமான 13 சீட்டு, அடுத்த மேசையில் உங்கள் இடத்தில் உட்கார்ந்தவருக்கும் அப்படியே வரும். அதே சீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் போட்டி. பிறகு "சீட்டு சரியில்லை" என்று எப்படிச் சொல்வது? இணையத்தில் தட்டு கூடத் தேவை இல்லை. ஒரே சீட்டுகளைக் கம்ப்யூட்டர் பல மேசைகளுக்குப் போட்டுவிடும்.

ஜெயிக்க என்ன வழி?

முதலில் கையை எடை போடுங்கள். ஏசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதிலும் 40 புள்ளி. உங்கள் கையில் 12 அல்லது 13 இருந்தால் கேள்வியைத் தொடங்கலாம். உங்களிடமும் கூட்டாளியிடமும் சேர்த்து 25, 26 இருந்தால் பெரிய கேள்விக்குத் துணியலாம்.

டம்மி விரித்ததும் சீட்டைப் போட அவசரப்படாதீர்கள். இங்கேதான் புதியவர்கள் தோற்கிறார்கள். கையைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை பிடி உறுதி, எத்தனை பிடி குறைகிறது, குறைவது எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடுங்கள். முதல் பிடியில் செய்த தப்பைப் பதின்மூன்றாவது பிடி வரை அழுதாலும் திருத்த முடியாது.

13 வரை எண்ணத் தெரிந்தால் போதும் என்பார்கள். ஒரு இனத்தில் உங்களிடம் 5, டம்மியிடம் 3. மீதி 5 எதிராளிகளிடம். அது 3, 2 என்று பிரிந்திருப்பது நூற்றுக்கு 68 தடவை. சரி, எதிராளிகளிடம் 4 சீட்டு இருந்தால்? இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது நூற்றுக்கு 40 தடவைதான். 3, 1 என்று பிரிவதே 50 தடவை! இதைத் தெரிந்தவர் வேறு மாதிரி ஆடுவார்.

ஒரு கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் மட்டும் 63 ஆயிரத்து 501 கோடிக்கு மேல். ஆகையால் மனப்பாடம் உதவாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டாளியைத் திட்டாமல் இருப்பது. நடுவில் திட்டினால் அடுத்த ஆட்டமும் போகும். கணக்கு வழக்கு எல்லாம் போட்டி முடிந்து டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

போட்டிக்குப் போனால்...

தமிழ்நாடு பிரிட்ஜ் சங்கம் இருக்கிறது. அகில இந்திய அளவில் இந்திய பிரிட்ஜ் சம்மேளனம் இருக்கிறது. போட்டியில் ஒரு டைரக்டர் இருப்பார். சினிமா டைரக்டர் அல்ல, விதிகளைக் காப்பவர். தவறு நடந்தால் நீங்களே சண்டை போட்டுத் தீர்க்கக் கூடாது. கையைத் தூக்கி அவரைக் கூப்பிட வேண்டும். உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும் ஏற்க வேண்டும். கேட்ட இனம் கையில் இருந்தும் வேறு இனம் போட்டுவிட்டால் பிடிகளை அபராதமாகக் கொடுக்க நேரும்.

வாயால் கேட்பது கிடையாது. பெட்டியில் அச்சிட்ட அட்டைகள் இருக்கும். எடுத்து வைத்தால் போதும். குரலை ஏற்றி இறக்கிக் குறிப்புக் கொடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முகம் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, வேண்டும் என்றே தாமதிப்பது எல்லாம் குற்றம். நீங்களும் கூட்டாளியும் எந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்பதை எதிராளிகளுக்கும் சொல்லிவிட வேண்டும். ரகசிய ஏற்பாடு உதவாது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? பெரிய இடங்களிலும் திருட்டு நடந்திருக்கிறது! 1975-ம் ஆண்டு பெர்முடா தீவில் உலகப் போட்டி நடந்தது. கூட்டாளியின் முகம் தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே தட்டி வைத்தார்கள். ஒரு ஜோடி மேசைக்கு அடியில் காலால் காலைத் தொட்டதாகப் புகார் வந்தது. அப்புறம் மேசைக்கு அடியிலும் தடுப்பு வைத்தார்கள். 2015-ல் இஸ்ரேல் நாட்டு ஜோடி ஒன்று அகப்பட்டது. சீட்டுத் தட்டை மேசையில் எந்த இடத்தில் வைப்பது என்பதையே சைகையாக வைத்திருந்தார்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

இணையத்தில்...

2020-ல் கொரோனா வந்து கிளப்புகள் மூடியபோது பிரிட்ஜ் போட்டிகள் செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் குடி போயின. திருட்டும் கூடவே போயிற்று. ஒருவர் ஒரு பெயரில் ஆடிக்கொண்டே, வேறு பெயரில் வேடிக்கை பார்ப்பவராக நுழைந்து நாலு பேர் கையையும் பார்ப்பார்! கூட்டாளிக்குப் போன் செய்வதும் உண்டு. ஆனால் இணையத்தில் போட்ட ஒவ்வொரு சீட்டும் பதிவாகி நிற்கும். தெரியாத சீட்டைத் தெரிந்த மாதிரி அடிக்கடி ஆடுகிறவரை அந்தப் பதிவு காட்டிக் கொடுத்துவிடும்.

நேர்மையாக ஆடுகிறவருக்கு அதே பதிவு நல்ல வாத்தியார். ஆட்டம் முடிந்ததும், அதே சீட்டை மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்று திறந்து பார்க்கலாம். பத்து ஆட்டம் ஆடுவதைவிட, ஒரு ஆட்டத்தை ஆடிவிட்டுப் பத்துப் பேர் ஆடியதைப் பார்ப்பது நல்லது.

இணையத்தில் இனம் மாற்றிப் போட முடியாது, கம்ப்யூட்டர் விடாது. ஆனால் விரல் தவறித் தப்புச் சீட்டைத் தொடுவது சகஜம். சின்னத் திரையில் நிதானமாகத் தொடுங்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள். மற்ற மூன்று பேர் காத்திருப்பார்கள். உங்கள் கேள்விக்குத் தனி அர்த்தம் இருந்தால் நீங்களே எதிராளிகளுக்கு எழுதிக் காட்ட வேண்டும். நேரில் ஆடும்போது அதைக் கூட்டாளி சொல்வார். இங்கே முறை மாறுகிறது.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். திரையில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பாங்கிக் கணக்கு கேட்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜிலும் சில கிளப்புகளில் காசு வைத்து ஆடியது உண்டு, மறைப்பதற்கு இல்லை. போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்குப் பத்துப் பைசா செலவில்லை. கட்டச் சொன்னால், அது அவனுக்கு உரிய இடம் அல்ல.

இன்று இரவே ஆடலாம்

செல்போன்கூட வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டும் நாலு பேரும் போதும். கேள்வி எல்லாம் குழப்பமாக இருந்தால் "மினி பிரிட்ஜ்" என்று ஒன்று இருக்கிறது. ஏலமே கிடையாது. 13 சீட்டு போட்டதும் ஆளுக்கு ஆள் தன் புள்ளியைச் சொல்ல வேண்டும். பாட்டிக்கு 9, பேரனுக்கு 14. சேர்த்து 23. எதிர்ப்பக்கம் அப்பாவுக்கு 11, அம்மாவுக்கு 6. சேர்த்து 17. பாட்டி பக்கம் ஜாஸ்தி. அதில் பேரனுக்கே அதிகம் என்பதால் அவன் ஆட வேண்டும். பாட்டி சீட்டை விரித்துவிடுவார். பேரன் இரண்டு கையையும் பார்த்துத் துருப்பு எது என்று சொல்வான். அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா முதல் சீட்டைப் போட வேண்டும். இரண்டு பக்கமும் 20, 20 என்று வந்துவிட்டால் சீட்டைக் கலைத்து மறுபடியும் போட வேண்டியதுதான்.