யார் சொன்னது? சுவாமி மலைத் தூணும் நாம் நம்பும் கதைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நமக்குச் சுவாமி மலை புதிய இடமல்ல. பிரெடெரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேயும் பாதையில் மேலே ஏறினால் கோணேசர் கோயில் வரும். அதற்கப்பால் செங்குத்தான பாறை, அதன் அடியில் கடல். அந்த மலையின் உச்சியில் ஒரு கற்றூண் இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் வழங்கும் கதை ஒன்றும் இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா வான் ரீட என்றொரு இளம்பெண் இங்கு வாழ்ந்தாளாம். தந்தை பெரிய அதிகாரி. ஒல்லாந்தப் படை அதிகாரி ஒருவனுக்கு அவளை மணம் பேசியிருந்தார்கள். அவன் கொடுத்த வாக்கை மீறித் தாய்நாட்டுக்குக் கப்பலேறினான். கப்பல் மலையைக் கடந்து போவதைப் பார்த்திருந்த பிரான்சினா, பாறையிலிருந்து கடலில் பாய்ந்து உயிரை விட்டாள். அன்று 1687 ஏப்ரல் 24. மகளை இழந்த தந்தை அவள் நினைவாக இந்தத் தூணை நாட்டினார். அந்தப் பாறைக்கு ஆங்கிலத்தில் 'லவர்ஸ் லீப்' என்று பெயர் வந்ததும் இந்தக் கதையால்தான்.

கேட்பவர் மனம் கசியும் கதை. ஆனால் இது நடந்ததா?

தூண் சொல்வதும் சொல்லாததும்

தூணில் ஒல்லாந்த மொழியில் பொறிக்கப்பட்ட வரிகள் சொல்வது மிகக் கொஞ்சம். ஒன்று, பிரான்சினா வான் ரீட என்ற பெயர். இரண்டு, அவரது நினைவாக இது நாட்டப்பட்டது என்ற செய்தி. மூன்று, 1687 ஏப்ரல் 24 என்ற திகதி. காதலன், கப்பல், பாய்ந்தது எதுவும் அதில் இல்லை. அவர் இறந்தார் என்றுகூட இல்லை. கதையில் மரண நாளாக வரும் அந்தத் திகதி, கல்லின்படி தூண் நாட்டப்பட்ட நாள்.

'நினைவாக' என்ற சொல்லைக் கண்டதும் நம் மனம் மரணத்தை எண்ணிவிடுகிறது. நமது பாடசாலைக் கட்டடங்களைப் பாருங்கள். பிரதம அதிதி திறந்துவைத்ததன் நினைவாக அவரது பெயரும் திகதியும் பொறித்த கல் சுவரில் இருக்கும். அந்த அதிதி அன்று மௌத்தாகிவிட்டார் என்று எவரும் நினைப்பதில்லை.

ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட விடயம் இன்னும் வியப்பானது. 1687க்குப் பிறகும் பிரான்சினா உயிரோடு இருந்தார், திருமணமும் செய்துகொண்டார். அதாவது, வாழ்ந்து குடும்பம் கண்ட ஒரு பெண்ணை இந்தக் கதை இளவயதிலேயே கடலில் தள்ளிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தூண் பழைய கோயிலுக்குரியது என்றே கருதப்படுகிறது. 1624இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். ஒரு சமூகத்தின் பெரும் இழப்பு அந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் கேட்டுச் செல்வதோ நடக்காத ஒரு காதல் கதையை.

கதை ஏன் வெல்கிறது?

வெறும் பெயரும் திகதியும் மனதில் நிற்பதில்லை. 'ஏன்?' என்ற கேள்விக்கு விடை இல்லாத இடத்தை மனிதர்கள் வெறுமையாக விட விரும்புவதும் இல்லை. பயங்கரமான பாறை ஒன்று, தனியே நிற்கும் கல், அதில் ஒரு பெண்ணின் பெயர். இந்த மூன்றையும் இணைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. எல்லா நாட்டு மக்களுக்கும் பழக்கமான 'கைவிடப்பட்ட பெண்' கதை அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

உளவியலாளர்கள் இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் பார்ட்லெட், 1932இல் வெளியிட்ட நூலில் தமது ஆய்வொன்றை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதையொன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் புரியாத பகுதிகள் கதையிலிருந்து உதிர்ந்தன. தோணி சாதாரணப் படகாக மாறியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழகியதாக மாற்றித்தான் அவர்களால் நினைவில் வைக்க முடிந்தது.

வதந்தி பற்றி 1947இல் நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் இன்னும் கூர்மையான ஒன்றைக் காட்டினார்கள். ரயில் பெட்டிக் காட்சி ஒன்றின் படத்தில் சவரக்கத்தி வெள்ளையர் ஒருவரின் கையில் இருந்தது. படத்தைப் பார்த்தவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, பல தடவைகளில் கத்தி கறுப்பினத்தவரின் கைக்கு மாறிவிட்டது. மனதில் முன்பே இருந்த தப்பெண்ணம் கத்தியை இடம் மாற்றியது. விடயம் முக்கியமானதாகவும் தகவல் தெளிவற்றதாகவும் இருக்கும்போது வதந்தி வளரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றும் என்பதை 1977இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. சிறு வயதிலிருந்தே கேட்ட கதையை நாம் சந்தேகிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதை தீயாக மாறும்போது

"பழைய கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சிலர் சொல்லலாம். தூணைப் பற்றிய கதையால் இன்று எவருக்கும் அடி விழப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே மனம்தான் மற்றச் செய்திகளையும் நம்புகிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் நடந்ததை நமது பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பிட வந்தவர் கறியில் ஒரு கட்டியைக் கண்டார். அது சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று குற்றம் சாட்டினார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்றவர்களின் மிரட்டலில் அவர் தலையாட்டியதை ஒப்புதல் வாக்குமூலமாக வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லவும் இல்லை. அறிக்கை வருவதற்குள் எரிய வேண்டியவை எரிந்து முடிந்திருந்தன. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் கலவரம் மூண்டு நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. சமூக ஊடகங்களையும் அரசாங்கம் சில நாட்கள் முடக்கியது.

ஆய்வாளர்கள் சொன்ன எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆளுக்காள் புரியாத மொழி, என்னவென்று தெரியாத ஒரு கட்டி, முன்பே பலமுறை கேட்ட பழி, மனதில் ஊறியிருந்த பயம். கத்தி இன்னொரு முறை கை மாறியது.

நம்மிடம் இருக்கும் அளவுகோல்

செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்றும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக்கூடாது என்றும் ஸூரா அல்ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. இந்தக் கட்டளையைச் செயலில் காட்டியவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஒரு ஹதீஸை ஏற்கும் முன் அதன் ஸனதைப் பார்த்தார்கள். யார் யாரிடமிருந்து கேட்டார்? அவர்கள் இருவரும் உண்மையில் சந்தித்திருக்கிறார்களா? சொன்னவர் நேர்மையானவரா? நினைவாற்றல் உள்ளவரா? சங்கிலியில் ஒரு வளையம் அறுந்திருந்தாலும், செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தங்கள் தொகுப்புக்குரிய நிபந்தனையில் தேறாது.

அந்த அளவுகோலை நான் சுவாமி மலைக் கதையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அதைச் சொன்னது என் மூத்தும்மா.

"உங்களுக்கு ஆரு மூத்தும்மா சொன்ன?"

"எங்கட வாப்பா சொன்னது மகள்."

"அவருக்கு ஆரு சொன்ன?"

"அது ஊரெல்லாம் சொல்ற கததானே!"

இரண்டே வளையத்தில் ஸனத் 'ஊர்' என்ற இடத்தில் போய் முடிந்துவிட்டது. ஊருக்கு முகவரி இல்லை. அதனிடம் சாட்சி கேட்கவும் முடியாது. மூத்தும்மா சிரித்துவிட்டு, "இப்ப நீ சொல்லு, அந்தப் புள்ள உசிரோட இருந்திச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பெண்களைப் பற்றிய பேச்சில் இந்த அளவுகோல் இன்னும் அவசியம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதே மதீனாவில் அவதூறு பரப்பப்பட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் அந்தப் பேச்சு வாய்க்கு வாய் அலைந்தது. அவர்கள் தூய்மையானவர்கள் என்று ஸூரா அந்நூரின் வசனங்கள் இறங்கின. அவதூறு சொன்னவர்களோடு, கேட்டவுடன் மறுக்காமல் நாவில் ஏற்றிக்கொண்டவர்களும் அங்கே கண்டிக்கப்படுகிறார்கள். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களும் அவர்களது மனைவியும் வேறு விதமாக நடந்தார்கள். நாம் இப்படிச் செய்வோமா என்று தங்களையே கேட்டு, நம்மைவிடச் சிறந்தவர் எப்படிச் செய்வார் என்று அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினார்கள்.

இன்று ஒரு மாணவியின் படம் வட்ஸ்அப்பில் ஒரு வரியோடு வந்தால் போதும். இரவு முடிவதற்குள் ஊர் அவளுக்கு ஒரு கதை கட்டிவிடும். பிரான்சினாவைக் காப்பாற்ற ஆவணங்கள் இருந்தன. நம் பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கு எந்த ஆவணம் இருக்கிறது? அவள் படிப்பை விட்டு வீட்டில் இருக்கும்படி ஆகலாம். பேச்சைப் பரப்பியவர் பெயர் கடைசிவரை வெளிவராது.

அம்பாறையில் நம்மைப் பற்றிச் சொன்ன பொய்யால் நாம் காயப்பட்டோம். அதனால் பிற சமூகங்களைப் பற்றி நமது குழுக்களில் வரும் செய்திகளையும் அதே தராசில் நிறுக்கும் கடமை நமக்குக் கூடுதலாக இருக்கிறது. "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று அனுப்பும் விரலும் சங்கிலியில் ஒரு வளையம்தான்.

ஆகவே ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்போம். இதை முதலில் சொன்னவர் யார்? அவர் கண்ணால் கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா? எது கண்டது, எது சேர்த்தது? இது பொய்யானால் யாருக்குத் தீங்கு? விடை கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி நம்மோடு நிற்கட்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "யார் சொன்னது?" என்று பிள்ளைகள் கேட்டால் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வியை மார்க்கமே நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. அதைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை யாரோ ஒருவரின் கடைக்கோ மானத்துக்கோ நெருப்பு வைக்கும் கூட்டத்தில் நிற்க மாட்டாள்.