செம்பருத்தியில் வெள்ளை மாவு ஏன்?

மதுரை மொட்டைமாடித் தொட்டியில் செம்பருத்தியின் நுனி சுருண்டு, பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்திருந்தால் அது மாவுப்பூச்சி. உடலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். அதனால்தான் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் சேர்க்கிறோம்: லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறம் நனையும்படி. எறும்பையும் தடுங்கள், தேன்போன்ற கழிவுக்காக அது பூச்சிக்குக் காவல் நிற்கிறது.

2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகமெங்கும் பரவியது. அதை அடக்கியது 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகிலும் சிறிய குளவி. பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். செடியில் பழுப்பாக உப்பி, ஓட்டை விழுந்த பூச்சிக்கூடுகள் தெரிந்தால் தெளிப்பானைக் கீழே வையுங்கள். குளவி வந்துவிட்டது.