இருமினால் வயிற்றில் ரத்தக்கட்டா?

“ரெண்டு நாளா விடாத இருமல் டாக்டர். காலையில இருமும்போது வயித்துல சுளீர்னு ஒரு வலி. இப்ப தொட்டாலே வலிக்குது... கட்டி மாதிரி கையில தட்டுப்படுது!”

சொல்வது, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட ஒரு பாட்டி என்றால் டாக்டர் உஷாராகி விடுவார். காரணம், ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை.

வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகள் வைட்டமின் ‘கே’யின் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அபூர்வமாக, தசைக்குள் கசிந்தால்?

வயிற்றின் முன்பக்கத்தில், நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை இரண்டு நீளத் தசைகள் உறைக்குள் இருக்கின்றன. பலமாக இருமும்போது அங்குள்ள ரத்தக்குழாய் கிழியலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் கசிவு லேசில் நிற்காது. ரத்தம் உறைக்குள் தேங்கி, கட்டியாகத் திரளும். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம்.

தோலில் நீலம் பாரிக்கச் சில நாட்கள்கூட ஆகும். அதனால் ‘வாயுப் பிடிப்பு’ என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். குடல்வால் அழற்சி என்று டாக்டர்களே ஏமாறுவதும் உண்டு. படுத்தபடி தலையைத் தூக்கினால் வலி கூடுகிறதா? கோளாறு வயிற்றுச் சுவரில் இருக்கலாம். ஸ்கேன் உறுதி செய்துவிடும்.

சீக்கிரம் போனால் வைட்டமின் ‘கே’, பிளாஸ்மா என்று சிகிச்சை. பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. தாமதித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து!

வராமல் தடுக்க..?

* ‘ஐ.என்.ஆர்.’ ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பலருக்கு இது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் அளவை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள். பேதிக்குத் தரும் மெட்ரோனிடஸோல்கூட இந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும்.

* விடாத இருமலுக்கு உடனே வைத்தியம் பாருங்கள்.

* எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

‘அடேயப்பா, இந்த மாத்திரையே வேணாம்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம்கூட வரலாம். மாத்திரை தொடரட்டும்... கவனமும் கூடவே இருக்கட்டும்!