கண் போதும், கம்பு வேண்டாம்

“நாலு நாள் ஊருக்குப் போறோம்ணே, வீட்டை ஒரு பார்வை பார்த்துக்குங்க!” எதிர்வீட்டுக்காரரிடம் சாவியைத் தராமல் பொறுப்பை மட்டும் தந்துவிட்டுப் போகும் இந்தப் பழக்கம்தான் நம் தெருக்களின் ஆதிக் காவல். அதையே காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போனால், ரோந்து வரும் காவலர் பூட்டிய வீட்டின் மேல் ஒரு கண் வைப்பார்.

இந்தப் பழக்கத்தைக் காவல்துறையோடு முறையாக இணைத்தது ராமநாதபுரம். 1993-ல் அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், தகவல் சொல்வது என இளைஞர்கள் துணை நின்றார்கள். இயக்கம் தமிழகம் முழுக்கப் பரவியது.

2017-ல் சென்னை காவல்துறை ‘மூன்றாவது கண்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. குடியிருப்புச் சங்கங்களும் வியாபாரிகளும் சொந்தச் செலவில் மாட்டிய கேமராக்கள், பல செயின் பறிப்பு வழக்குகளில் துப்புக் கொடுத்தன.

கண் இருந்தவரை சரி. கை நீண்டபோதுதான் விபரீதம். 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயில் தேடிப் போன சென்னை மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ‘பிள்ளை பிடிக்கிறவர்’ என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கும்பல் அவரை அடித்தே கொன்றது. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தை–மகன் மரணத்தின்போது ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மீதும் புகார் எழுந்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் காவலர்கள்தான். ஆனால் அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூலையிலேயே அரசு இயக்கத்துக்குத் தடை விதித்துவிட்டது. சீருடை இல்லாதவர் கையில் ஸ்டேஷன் அதிகாரம் போய்விடுமோ என்ற அச்சம் அவ்வளவு ஆழமானது.

சட்டம் இங்கே தெளிவாகக் கோடு போடுகிறது. ஜாமீனில் விட முடியாத, கைதுக்குரிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரைப் பொதுமக்களே பிடிக்கலாம். ஆனால், தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு. அடிக்கவும் விசாரிக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

புதுமுகம் கண்டால் பெயர் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். அதற்குமேல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.