திரையின் இரு பாதிகள்

ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க நம்மால் இயலுமா? இயலாது. ஆனால் திரையில் அது இயலும். ஒரு திரையை நடுவே கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ஒரு காட்சியும் வலப்பக்கம் வேறொரு காட்சியும் சேர்ந்து ஓடச் செய்வதற்கு ‘ஸ்பிலிட் ஸ்கிரீன்’ என்று பெயர். நாம் இதைப் பிரிதிரை என்று அழைப்போம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. லோயிஸ் வெபர் என்ற அமெரிக்கப் பெண்மணி தம் கணவருடன் சேர்ந்து 1913-ஆம் ஆண்டில் இயக்கிய ‘சஸ்பென்ஸ்’ என்னும் மௌனப் படத்தில், திரை மூன்று முக்கோணங்களாகப் பிரிகிறது. வீட்டில் தனித்திருக்கும் தாய், தொலைபேசியின் மறுமுனையில் கணவன், வீட்டினுள் நுழைய வரும் அந்நியன் ஆகிய மூவரையும் ஒருங்கே காண்கிறோம். அன்று பெரும்பாடு பட்டுச் செய்ததை இன்று கணிப்பொறியில் மாணவியராகிய நாமும் செய்யலாம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பினர் ஆண்டு விழாவுக்காக ஒரு சிறு படம் எடுத்தோம். விடுதியின் ஒரு காலைப்பொழுதே கதை. இடப்பக்கம் மாணவியர் எழுவது, சிற்றாலயத்தில் செபிப்பது, படிப்பது. வலப்பக்கம் சமையலறையில் எங்களுக்காக இட்லி அவிக்கும் சமையல் அம்மா. படத்தொகுப்பு வேலை என்னிடம் வந்தது.

ஒரு காட்சி போய் மறு காட்சி வரும் விதத்தை ‘டிரான்சிஷன்’ என்பர். மங்கி மறைந்து அடுத்தது தோன்றலாம், பழையதைத் தள்ளிக்கொண்டு புதியது வரலாம், துடைத்தாற்போல் மாறலாம். எனக்குத் தள்ளி வருவது பிடித்திருந்தது. இடப்பக்கக் காட்சிகளுக்கு இடையே அதையே வைத்தேன். முன்னோட்டம் பார்க்க வந்த சமையல் அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஏன் கண்ணு, என் மூஞ்சிய மட்டும் அடிக்கடி மூடுறீங்க?” என்று கேட்டார்.

நான் வெட்கினேன். அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு முறை இடப்பக்கம் மாறும்போதும், வரும் படம் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கத்தின் மேல் ஓடியது.

காரணம் என்ன? திரையின் அளவு 1920-க்கு 1080 புள்ளிகள். ஒரு பாதிக்கு 960 புள்ளி அகலம். நான் ஒவ்வொரு காட்சியின் இரு ஓரங்களிலும் 480 புள்ளிகளை வெட்டி, மீதியை இடப்புறம் நகர்த்தியிருந்தேன். நம் கண்ணுக்கு அது பாதித் திரை. ஆனால் டிரான்சிஷனோ முழுத் திரையையும் தன் களமாகக் கொண்டு வேலை செய்தது. துடைப்பு முறையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு வினாடி நீளமுள்ள துடைப்பு, இடக்கோடியிலிருந்து புறப்பட்டால் இடப் பாதியை அரை வினாடியிலேயே முடித்துவிடும். எஞ்சிய அரை வினாடி வீண்.

இதற்குத் தீர்வு எளிது. முதலில் 960-க்கு 1080 அளவில் தனியாக ஒரு ‘சீக்வென்ஸ்’ தொடங்க வேண்டும். இடப்பக்கக் கதை முழுவதையும் அதற்குள் அடுக்கி, டிரான்சிஷன்களையும் அங்கேயே வைக்க வேண்டும். படம் தானாகச் சுருங்கினால் அளவை 100 விழுக்காட்டுக்குத் திருப்ப வேண்டும். வலப்பக்கக் கதைக்கும் இவ்வாறே மற்றொன்று. பிறகு இரண்டையும் முழு அளவுள்ள சீக்வென்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை 480 புள்ளி இடமாகவும், மற்றதை 480 புள்ளி வலமாகவும் நகர்த்தினால் போதும். இனி எந்தக் காட்சியும் தன் வேலியைத் தாண்டாது. இரு பாதிகளும் சேர்ந்தே மறைய வேண்டுமாயின், அந்த டிரான்சிஷனை வெளியே, இரண்டுக்கும் பொதுவாக வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். டிரான்சிஷன் நடக்கும்போது இரு காட்சிகளும் சிறிது நேரம் சேர்ந்து ஓடுகின்றன. வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில், வெட்டின் நடுவே ஒரு வினாடி டிரான்சிஷன் வைத்தால், முதற்காட்சியின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் 12 சட்டங்கள் உபரியாக இருத்தல் வேண்டும். ஆகவே படம் பிடிக்கும்போதே முன்னும் பின்னும் சில வினாடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, இரு பாதிகளையும் ஒரே நொடியில் மாற்றாதீர்கள். கண் எதைப் பார்ப்பது என்று தடுமாறும். ஒன்று மாறும்போது மற்றது நிலைத்திருக்கட்டும்.

நான் இரண்டு மாலைகள் அமர்ந்து அனைத்தையும் திருத்தினேன். தள்ளுவதை விடுத்து, மெல்ல மங்கி மாறும் முறையையே பெரும்பாலும் வைத்தேன். விழா நாளன்று சமையல் அம்மா முதல் வரிசையில் அமர்ந்து பார்த்தார். வலப்பக்கத்தில் அவர் முகம் ஒருமுறைகூட மறையவில்லை.

அன்புத் தோழியரே, நாம் எழுவதும் செபிப்பதும் படிப்பதும் ஒரு பாதி. அதே நேரத்தில் நமக்காக உழைப்போர் மறு பாதி. நம் பாதி எவ்வளவு அழகாக மாறினாலும், அடுத்த பாதியில் இருப்பவரின் முகத்தை அது மூடாதிருக்கட்டும். படத்தொகுப்பு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

– பத்தாம் வகுப்பு மாணவி