கப்பல் இல்லாத கடல் பயணம்: பிளஸ் டூ முடிச்ச தம்பியை எங்க கூட்டிட்டுப் போறது?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில வேலை பாக்குற ஒரு லிஸனர் அனுப்பியிருக்காங்க. முதல் போனஸ் வந்திருக்கு. அம்மா, அப்பா, பிளஸ் டூ எழுதப் போற தம்பி, நாலு பேரும் கப்பல்ல போகலாம்னு பிளான். தம்பி சொன்ன ஒரே பதில்: "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க." இந்த வயசுப் பசங்களுக்குக் கப்பல்ல என்னதான் இருக்கு, பணம் வீணாகுமான்னு கேக்குறாங்க.

நியாயமான கேள்வி. இன்னும் சில மாசத்துல அந்தப் பையன் ஏதாவது ஒரு ஹாஸ்டலுக்குப் போயிடுவான். நாலு பேரும் ஒரே வண்டியில போற கடைசி டூர் இதுவாக்கூட இருக்கலாம். அவன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஜன்னலைப் பாத்துட்டே வந்தா, போனஸ் போனதை விட அதுதான் வலிக்கும்.

முதல்ல கப்பல் கதை. நம்ம ஊர்ல சொகுசுக் கப்பல்னு பரவலா பேச ஆரம்பிச்சது 2022 ஜூன்ல. சென்னைத் துறைமுகத்துல இருந்து கார்டீலியா நிறுவனத்தோட எம்ப்ரஸ் கப்பல் கிளம்பினப்போ. நீச்சல் குளம், பாறை ஏறும் சுவர், ராத்திரி ஷோ, சாப்பாடு, மறுபடியும் சாப்பாடு. பெரிய வெளிநாட்டுக் கப்பல்கள்ல இன்னும் நிறைய இருக்கு. ஆனா நான் கவனிச்சது விளையாட்டு லிஸ்ட்டை இல்ல. பதின்வயசுக்காரங்களை அவங்க எப்படிப் பிரிக்கிறாங்கங்கறதை.

கார்னிவல்னு ஒரு பெரிய கம்பெனி. அவங்க கப்பல்ல 12 முதல் 14 வயசுக்கு ஒரு கிளப், 15 முதல் 17 வயசுக்கு இன்னொரு கிளப். ரெண்டையும் கலக்கவே மாட்டாங்க. ஏன்னா 17 வயசுக்காரனை 12 வயசுக்காரனோட உக்கார வெச்சா, அடுத்த நாள் அவன் அந்தப் பக்கமே வர மாட்டான். பெரிய பசங்க தாங்களா வரலாம், தாங்களா போகலாம். அம்மா அப்பா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே டேபிள். அந்த நேரத்துல அவன்கிட்ட சொல்றதுக்குன்னு தனியா ஒரு கதை இருக்கும். இந்த ஏற்பாட்டோட சூட்சுமமே அதுதான். நாள் பூரா ஒட்டிக்கிட்டே இருந்தா சாயங்காலம் பேச என்ன இருக்கும், சொல்லுங்க?

இன்னொண்ணும் இருக்கு. 18 ஆயிட்டா இந்த கிளப்ல இடம் இல்ல. பிளஸ் டூ முடிக்கிற பையனுக்கு 17 முடிஞ்சு 18 தொடங்குற நேரம். பெரியவனும் இல்ல, சின்னவனும் இல்ல. அவ்வளவு காசு போட்டுக் கட்டின கப்பல்லயே அவனுக்கு ஒரு இடம் ஒதுக்கத் திணறுறாங்க.

அதனால என் யோசனை கொஞ்சம் வேற. கடல் வேணும், தனியா சுத்த இடம் வேணும், சாயங்காலம் சொல்லக் கதை வேணும், அவ்வளவுதானே? எங்க ஊருக்கு வாங்க. என் சொந்த ஊர் பெரம்பலூர்.

சிரிக்காதீங்க. பெரம்பலூர்னா உங்களுக்குத் தெரிஞ்சது திருச்சி போற வழியில டீ குடிக்க நிக்குற இடம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையுற ஊர். பக்கத்து அரியலூர்னா சிமெண்ட் லாரி. ஆனா சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த ரெண்டு மாவட்டத்துலயும் பெரும் பகுதி கடலுக்கு அடியில இருந்துச்சு. இந்தியா அப்போ தெற்கே, அண்டார்டிகா பக்கத்துல இருந்து பிரிஞ்சு வடக்கு நோக்கி நகர்ந்துட்டு இருந்த நேரம். பிரிஞ்ச கிழக்கு ஓரத்துல நிலம் தாழ்ந்து, கடல் உள்ள வந்துச்சு. வந்துச்சு, பின்வாங்குச்சு, மறுபடி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் சேறு, மணல், சிப்பின்னு அடுக்கடுக்கா விட்டுட்டுப் போச்சு. டைனோசர்கள் அழிஞ்ச 6.6 கோடி வருஷம் முன்னாடி வரைக்கும், அதுக்குக் கொஞ்சம் பின்னாடியும் இங்க பாறைகள்ல பதிவு இருக்கு. 1860-கள்ல வெள்ளைக்காரப் புவியியலாளர்கள் வந்து வரைபடம் போட்டதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஆய்வுகள் நடக்குது. ஊட்டத்தூர், காரை, கல்லங்குறிச்சி, கருடமங்கலம்னு நம்ம கிராமத்துப் பேரெல்லாம் உலகம் பூரா புவியியல் கட்டுரைகள்ல பாறை அடுக்குகளோட பேரா இருக்கு. அந்த ஊர் டீக்கடையில நிறைய பேருக்கு இது தெரியாது.

சரி, தம்பிக்கு என்ன வேலை?

காரைக்குக் கூட்டிட்டுப் போங்க. பாடாலூர் பக்கம் இருந்து உள்ள போகணும். வயக்காட்டு நடுவுல திடீர்னு செடி கொடி ஏதும் இல்லாம, மழை அரிச்சு அரிச்சு ஓடையும் மேடுமா கிழிஞ்சு கிடக்குற மண். பாத்தா வேற கிரகம் மாதிரி இருக்கும். அது கரையில இருந்து தள்ளி, ஆழமான கடல்ல படிஞ்ச களிமண். தரையில பளபளன்னு கண்ணாடித் துண்டு மாதிரி தெரியுறது ஜிப்சம். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரா, பழுப்பா ஒண்ணு கிடக்கும்; அது பெலெம்னைட், கணவாய்க்கு தூரத்துச் சொந்தமான ஒரு உயிரோட உள்கூடு. சுருள் சுருளா இருந்தா அம்மோனைட். நம்ம வீட்டுப் பூஜையறையில சாளக்கிராமம் இருக்கே, நேபாளத்துக் கண்டகி ஆத்துல இருந்து வர்றது, அதுவும் அம்மோனைட்தான். அம்மாவுக்கு இதைத் தம்பி சொல்லட்டும். நீங்க முந்திக்காதீங்க.

இங்க அவனுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் முழுசா விடுங்க. வேலை இதுதான்: கிடைக்கிறதைக் கிடக்கிற இடத்துலயே வெச்சு, பக்கத்துல ஒரு நாணயம் வெச்சு போட்டோ எடுக்கணும், போன்ல இடத்தைக் குறிச்சுக்கணும், எந்த நிற மண்ணுல இருந்ததுன்னு எழுதணும். எடுத்துட்டு வரக் கூடாது. இதை நான் ஒழுக்கப் பாடமா சொல்லல. ஒரு அம்மோனைட் எந்த அடுக்குல கிடந்துச்சுங்கறதுதான் அதோட வயசைச் சொல்லும். பாக்கெட்ல போட்டு வேளச்சேரிக்குக் கொண்டு வந்தா அது வெறும் அழகான கல். ஞாயித்துக்கிழமை வர்றவங்க ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போய்ப் போயே பல இடம் வெறிச்சோடிக் கிடக்கு. எனக்கு இதுல நிஜமாவே கோபம் உண்டு.

இந்த வயசுக்கு ரொம்பப் பிடிக்கிற விஷயம் ஒண்ணு: பெரியவங்க சொன்னது தப்புன்னு கண்டுபிடிக்கிறது. அதுக்கு இந்த மண் தோதான இடம். 2020 அக்டோபர்ல குன்னம் பக்கத்துல ஒரு ஏரியைத் தூர்வாரும்போது பெரிய பெரிய உருண்டைக் கல்லுங்க வந்துச்சு. டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் பூரா பரவிடுச்சு. விவரம் தெரிஞ்சவங்க போய்ப் பாத்தா, அம்மோனைட்டைச் சுத்திப் படிமம் இறுகின கல்.

அப்ப டைனோசரே இல்லையா? இருந்துச்சு. அரியலூர் பக்கம் கல்லமேடுல கிடைச்ச எலும்புகளை வெச்சு யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு புவியியலாளர்கள் 1987-ல ஒரு டைனோசரை விவரிச்சாங்க. புருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க, பெருத்த உடல்னு அர்த்தம். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர்! முதல்ல இது மாமிசம் தின்னுற வகைன்னு எழுதினாங்க. அப்புறம் இல்ல இல்ல, தழை தின்னுற நீண்ட கழுத்து வகைன்னு மத்தவங்க சொன்னாங்க. இது எலும்பே இல்ல, கல்லான மரம்னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு. போய்ப் பாத்து முடிவு பண்ணலாம்னா, எலும்புகள் நொறுங்கிப் போயிடுச்சு, கையில இல்ல. 2022-ல பழைய போட்டோக்களை வெளியிட்டு, எலும்புதான்னு மறுபடி வாதிட்டிருக்காங்க. அப்படின்னா உலகத்துல நடந்த மிகப் பெரிய விலங்குகள்ல ஒண்ணு அரியலூர்க்காரர். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல தம்பியை ஒரு பக்கம், அப்பாவை இன்னொரு பக்கம் விட்டு வாதாட விடுங்க. எங்க வீட்டுல இது ஒரு தடவை பதினோரு மணி வரைக்கும் போச்சு.

அடுத்து சாத்தனூர் கல்மரம். 1940-ல புவியியல் ஆய்வுத் துறையோட எம்.எஸ்.கிருஷ்ணன் இதை முதல்ல அடையாளம் சொன்னார். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே அடிமரம், படுத்த வாக்குல, கல்லா. வயசு 12 கோடி வருஷம்னு அங்க வழக்கமா சொல்றாங்க. இப்ப வேலி போட்டுத் தேசியப் புவியியல் சின்னமா வெச்சிருக்காங்க. போனா பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சிடலாம். அதுல ஏமாந்து திரும்புறவங்க நிறைய. அதனால தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்க: கடல்ல மரத்துக்கு என்ன வேலை? கரையில வளர்ந்த மரம் ஆத்து வெள்ளத்துல கடலுக்கு வந்து, மூழ்கி, சேத்துல புதைஞ்சு, தண்ணியில கரைஞ்ச சிலிக்கா மரத்துக்குள்ள ஊறி ஊறி நார் நாரா கல்லாச்சு. இதை அவனே யோசிச்சு வந்தான்னா, அந்தப் பத்து நிமிஷம் அரை மணி நேரமாயிடும்.

அரியலூர் பக்கம் வந்தா சிமெண்ட் ஆலைகளைத் தவிர்க்காதீங்க. டூர்னா அழகான இடத்தை மட்டும்தான் காட்டணும்னு யார் சொன்னா? கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுல கடல் சிப்பிங்க கெட்டி கெட்டியா அடுக்கி வெச்ச மாதிரி கிடக்கும். சிப்பி ஓடுன்னா சுண்ணாம்பு, சுண்ணாம்புன்னா சிமெண்ட். நீங்க சென்னையில குடியிருக்கிற அபார்ட்மெண்ட் சுவருக்குள்ள இந்தக் கடலோட சிப்பி கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். அதே சுரங்கத்தாலதான் இங்க ஆயிரக்கணக்கான வீட்டுல அடுப்பெரியுது. அதே லாரித் தூசியிலதான் ரோட்டோர வீடுங்க வெளுத்து நிக்குது. 17 வயசுக்காரனுக்கு இதுல ஒரு கருத்து இருக்கும். கேளுங்க. கேட்டுட்டு உடனே திருத்தாதீங்க.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சீக்கிரம் சொல்லிடுறேன், அதைப் பத்தி நம்ம கிட்ட தனி எபிசோடே இருக்கு. கப்பல்னு ஆரம்பிச்சதால ஒரு விஷயம் மட்டும்: 1025 வாக்குல கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கடற்படை அனுப்பின ராஜேந்திரன், தலைநகரைக் கட்டினது கடலோரத்துல இல்ல, இங்க. அந்த நகரம் சுமார் 250 வருஷம் தலைநகரா இருந்துச்சு. கோயிலுக்குள்ள தம்பிதான் கைடு. முந்தின நாள் ராத்திரி படிச்சுட்டு வந்து அம்மா அப்பாவுக்கு அரை மணி நேரம் சுத்திக் காட்டணும். மாளிகைமேட்டுல அரண்மனையோட செங்கல் அடித்தளத்தையும் சேர்த்துக்கலாம்.

கடைசியா கரைவெட்டி. 2024 ஜனவரியில ராம்சர் பட்டியல்ல சேர்ந்த ஏரி. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வலசைப் பறவைங்க. இமயமலையைத் தாண்டிப் பறந்து வர்ற வரித்தலை வாத்து இங்க வருது. பொங்கலையொட்டி நாலு நாள் தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். இ-பேர்ட் ஆப்ல பதினஞ்சு நிமிஷம் எண்ணிப் போட்டாக்கூடப் போதும். உங்க தம்பி போட்ட கணக்கை நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் எடுத்துப் பயன்படுத்துவார். கப்பல்ல எந்த கிளப்லயும் இந்த மாதிரி ஒரு வேலையைக் கொடுக்க மாட்டாங்க.

கப்பல்ல இருந்து ஒரு விதியைக் கட்டாயம் எடுத்துக்கோங்க. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டி, ஆபத்துன்னா எங்க வரணும்னு காட்டுவாங்க. 2012-ல இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்ததுக்கு அப்புறம் இது ரொம்பக் கறாராச்சு. நீங்களும் வண்டியை விட்டு இறங்கின உடனே செய்யுங்க: கூடுற இடம் இந்த வேப்பமரம், நேரம் பத்தரை, போன்ல சார்ஜ் எவ்வளவு, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. தனியா விடலாம், ஆனா கண்ணுக்கு எட்டுற தூரம். காரையில மழை பெஞ்ச மறுநாள் இறங்கவே கூடாது, களிமண் வழுக்கும், ஓரம் சரியும். கைவிட்ட சுரங்கப் பள்ளத்துல நீலமா தண்ணி நிக்கும், ரீல்ஸ்ல அழகா இருக்கும். அங்க யாரும் இறங்க வேண்டாம், நீச்சல் தெரிஞ்சாலும் சரி. ஆழம் தெரியாது, ஏற வழியும் இருக்காது.

எப்ப போறது? பரீட்சை முடிஞ்ச ஏப்ரல்லனா, விடியக்காலை அஞ்சரைக்கு காரையில இருக்கணும், ஒன்பதுக்குள்ள கிளம்பிடணும்; பறவைங்க அப்போ இருக்காது. என்னைக் கேட்டா அடுத்த பொங்கலுக்கு வைங்க. தம்பி அப்போ முதல் வருஷம், ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வருவான். டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அவனுக்கு அனுப்பி, எந்த நாள் எங்கன்னு அவனையே போடச் சொல்லுங்க. சாப்பாட்டுச் செலவு மட்டும் உங்க கையில இருக்கட்டும்.